மூன்று வாரம் வெட்டிய மயில், தூக்கியதும் கழுத்து தனியாக விழுந்துவிட்டது

மெய்ப்புக்காரி:

வணக்கம். ஒன்றரை வருடமாக இங்கே சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 58. முப்பது வருடம் மெய்ப்புத் திருத்தியே காலம் போயிற்று. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்ணை உறுத்தும். அந்தக் கண்ணை நம்பித்தான் காகித வெட்டில் இறங்கினேன்.

ஏ3 அளவில் கறுப்புத் தாள், 160 ஜி.எஸ்.எம். கிளையில் உட்கார்ந்து தோகையைத் தொங்கவிட்ட மயில். நானே தாளின் பின்பக்கம் பென்சிலால் வரைந்தது. தோகையில் 64 கண்கள். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு வளையம், வளையத்துக்கு நடுவில் ஒரு சொட்டு. தினம் இரண்டு மணி நேரம் வீதம் மூன்று வாரம் உட்கார்ந்தேன். பதினொரு பிளேடு தீர்ந்தது. முதலில் மயிலைச் சுற்றியிருக்கும் பெரிய வெற்றிடங்களையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டேன், சுலபமான வேலை, கொஞ்சம் தைரியம் வரட்டுமே என்று. கண்களைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.

முடிந்தது என்று தாளைத் தூக்கினேன். சட்டம் கையோடு வந்தது. கிளை வந்தது. தோகையில் முக்கால்வாசி வந்தது. தலையும் கழுத்தும் மட்டும் கட்டிங் மேட்டிலேயே படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தன. அறுபத்து நான்கு சொட்டுகளும் கோத்த அச்செழுத்து கொட்டினதுபோல மேசையெங்கும் சிதறிக் கிடந்தன. தோகையில் ஒன்பது இடத்தில் கிழிசல் வேறு. கண்ணின் மூலைகளில் தாள் பிசிறு பிசிறாக நிற்கிறது.

கை சரியில்லையா, கத்தி சரியில்லையா, படமே சரியில்லையா? கத்தியை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலுக்குப் போகலாமா என்றும் ஓர் எண்ணம். ஆனால் எனக்குத் தடித்த விரல்கள், பூவேலைக் கத்தரியின் வளையத்துக்குள் நுனி மட்டும்தான் போகிறது. விழுந்த கழுத்தைத் தெரியாமல் ஒட்ட முடியுமா என்பதையும் சொல்லுங்கள். லேசரில் வெட்டிக்கொள்ளச் சொல்பவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போகவும்.

அந்துப்பூச்சி:

அக்கா, முதலில் உங்கள் கையை மன்னித்துவிடுங்கள். தப்பு படத்தில் இருக்கிறது. படத்தைப் பார்க்காமலே சொல்கிறேன்: கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் அழகாக ஒரு வளைகோடு போட்டிருப்பீர்கள், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும். பென்சிலில் அது வெறும் கோடு. கத்தியால் அதையே முழுக்கப் போட்டால் கழுத்து வேறு, உடம்பு வேறு. சுற்றியிருந்த வெற்றிடத்தை முன்னாலேயே எடுத்துவிட்டதால் அதைப் பிடித்து வைக்க வேறு எதுவும் மிச்சம் இல்லை.

சீனாவில் வெட்டுகிறவர்கள் இதை யாங், யின் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். யாங் வெட்டில் கோடு தாளாக நிற்கும், சுற்றியிருப்பது போய்விடும். யின் வெட்டில் கோடுதான் போகும், பரப்பு நிற்கும். யாங்கில் கோடோடு கோடு தொட்டுக்கொண்டே போக வேண்டும், யின்னில் ஒரு கோடு இன்னொன்றைத் தொடவே கூடாது என்பது அவர்களுடைய பழைய வாய்ப்பாடு. உங்கள் மயிலில் இரண்டும் கலந்திருக்கிறது. கலக்கலாம், தப்பில்லை, எல்லோரும் கலக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கழுத்தில் யின் கோடு போட்டீர்களே, அது இரண்டு பக்கமும் வெற்றிடத்தைத் தொட்டுவிட்டது. அங்கேதான் போயிற்று. ஒரே நீளக் கோட்டுக்குப் பதிலாக ஒன்றையொன்று தொடாத மூன்று சிறு கீறல்கள் போதும். கண்ணுக்குக் கழுத்துப்பட்டை தெரியும், தாள் பிரியாது.

சொட்டு விழுந்ததும் இதே கதைதான். ஸ்டென்சிலில் 0, 8 பார்த்திருப்பீர்கள், நடுப்பகுதி விழாமலிருக்க இரண்டு சின்னப் பாலம் விட்டிருப்பார்கள். உங்கள் வளையத்திலும் மேலே ஒன்று, கீழே ஒன்று விட வேண்டும். பாலம் தெரிந்தால் அசிங்கம் என்று நினைக்கிறீர்களா? அதையே அலங்காரமாக மாற்றிவிட வேண்டியதுதான். மெக்சிகோவின் பாப்பெல் பிக்காடோ தோரணங்களைப் பாருங்கள். பறவை, பூ, மண்டை ஓடு எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு வலைப்பின்னல் ஓடும். அழகுக்குத்தான் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அந்த வலைதான் எல்லாவற்றையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புவெப்லா மாநிலத்தில் ஹுயிஷ்கோலோட்லா ஊர்க்காரர்கள் ஐம்பது மெல்லிய தாள்களை அடுக்கி, அடியில் ஈயத் தகடு வைத்து, உளியும் சுத்தியலுமாக அடித்து எடுக்கிறார்கள். ஒரு தீவு, அதாவது சுற்றிலும் எதையும் தொடாமல் நிற்கும் துண்டு, விழுந்தால் ஐம்பது தாளிலும் விழும். அப்புறம் வலை போடாமல் என்ன செய்வார்கள்!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஜப்பானின் இசே கதகாமி. கிமோனோத் துணியில் வடிவம் பதிக்கிற ஸ்டென்சில். வாஷித் தாளைப் பழுக்காத காக்கிப் பழத்தின் (பெர்சிமன்) துவர்ப்புச் சாற்றால் அடுக்கடுக்காக ஒட்டிப் பழுப்பு நிறத்தில் தயாரிப்பார்கள். மெல்லிய கோடுகள் அதிகம் வரும் வடிவங்களில் பாலமே விட முடியாது, விட்டால் துணியில் பதிந்துவிடும். அதற்காக இரண்டு தாள் அடுக்குக்கு நடுவே பட்டு நூலை ஓடவிட்டு ஒட்டிவிடுவார்கள். ஸ்டென்சில் வழியாகப் பூசுவது அந்த நூலைச் சுற்றிப் போய்விடும், துணியில் தடமே இருக்காது. முதல் தடவை அதை வெளிச்சத்தில் பார்த்தபோது ஐந்து நிமிஷம் பேசாமல் நின்றேன்.

சரி, உங்கள் மேசைக்கு வருகிறேன். வெட்டும் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். நடுவிலிருக்கும் மிகச் சின்ன ஓட்டைகள் முதலில், அப்புறம் பெரியவை, பெரிய வெற்றிடங்களும் வெளி விளிம்பும் கடைசியில். சுற்றிலும் முழுத்தாள் இருக்கும்வரை அது விறைப்பாக நிற்கும். நீங்கள் முதல் நாளே வெற்றிடத்தை எடுத்துவிட்டுத் தொங்கும் சிலந்தி வலையில் 64 கண் வெட்டியிருக்கிறீர்கள். ஒன்பது கிழிசலோடு தப்பியதே உங்கள் கைக்கு நற்சான்று.

160 ஜி.எஸ்.எம். இந்த வேலைக்குத் தடிமன். 80-லிருந்து 120-க்குள் பாருங்கள். தடித்த தாளில் ஒரே கோட்டை இரண்டு தடவை இழுக்க வேண்டிவரும், இரண்டாவது இழுப்பு முதலாவதன் மேல் சரியாக விழாது, அதுதான் உங்கள் பிசிறு. மூலைக்குப் போய் நிறுத்தாதீர்கள். மூலையில் கத்தி முனையைக் குத்தி அங்கிருந்து வெளியே இழுங்கள், இரண்டு கோட்டையும் அப்படியே. வெட்டின துண்டு வராவிட்டால் பிடித்து இழுக்கக் கூடாது. மூலையில் ஒரு நார் விட்டிருக்கும், கத்தி முனையால் அதைத் தொட்டால் தானே வரும். கடைசியாக, நாற்பது மணி நேர வேலைக்குப் பதினொரு பிளேடு ரொம்பச் சிக்கனம். நான் மணிக்கு ஒன்று மாற்றுவேன். மழுங்கின முனை தாளை அறுக்காது, தள்ளிக்கொண்டு போகும்.

கத்தி எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. நிற்கப்போகும் இடம் எல்லாவற்றையும் பென்சிலால் நிரப்புங்கள். பிறகு சட்டத்தின் மேல் விரலை வைத்து, எடுக்காமல், நிரப்பிய இடத்திலேயே ஊர்ந்து போங்கள். விரல் போய்ச் சேர முடியாத இடமெல்லாம் விழும்.

விரைவுப்பணி:

லேசரில் பத்து நிமிஷ வேலை. வெக்டார் ஃபைல் இருந்தால் அனுப்புங்கள்.

மெய்ப்புக்காரி:

விரைவுப்பணி, என் பதிவின் கடைசி வாக்கியம் உங்கள் திரையில் வரவில்லை போலிருக்கிறது. எங்கள் தொழிலில் அதை 'விடுபாடு' என்று ஓரத்தில் குறிப்போம்.

அந்துப்பூச்சி, கழுத்தில் வளைகோடு போட்டது உண்மை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும்தான். பார்க்காமலே சொல்லிவிட்டீர்கள், கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அழிந்துபோன படத்தில் நினைவிலிருந்தே விரலை ஓட்டிப் பார்த்தேன், ஆறு தீவுகள் வரைக்கும் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது வேறு ஒரு சிக்கல். படத்தைத் தாளின் பின்பக்கத்திலேயே வரைந்தேன், நகல் கிடையாது. கையில் இருப்பது வெட்டின துண்டுகள் மட்டும். அந்தத் தோகையின் வளைவு எனக்கு மறுபடி வராது.

மொட்டைக்கத்தரி:

தங்கச்சி (எனக்கு 71), அந்துப்பூச்சி சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி கத்திக்காரர்களின் பயம். படம் வரை, நிரப்பு, விரலை ஓட்டு என்று கத்தி எடுப்பதற்குள் ஆசையே போய்விடும். கத்தரிக்குப் படம் வேண்டாம். சீனாவின் ஷான்ஷி மாகாணத்துக் கிராமத்துப் பெண்கள் படம் வரையாமல் நேராகத் தாளில் கத்தரியை விட்டார்கள். கூ ஷுலான் என்று ஓர் அம்மாள், 1920-இல் பிறந்து 2004-இல் போனார். பாடிக்கொண்டே வெட்டுவாராம். வண்ண வண்ணமாகச் சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிச் சுவர் நிறைய உருவங்கள் செய்தார்.

விரல் தடிமன் ஒரு காரணமே இல்லை. சுவிட்சர்லாந்தில் யோஹான் யாகோப் ஹவுஸ்விர்ட் (1809–1871) என்று ஒருவர். பண்ணைகளில் கூலி வேலை, ஆள் மகா ஆகிருதி. விரல் கத்தரியில் நுழையாது. வளையத்தில் கம்பியைச் சுற்றிப் பெரிய வளையமாக மாட்டிக்கொண்டார். அந்தக் கையால்தான் மாடுகள் வரிசையாக மலையேறிப் போகிற காட்சியை வெட்டினார், ஒவ்வொரு மாட்டுக்கும் கொம்பு இருக்கும். ராத்தங்க இடம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வெட்டுத்தாளைக் கொடுத்துவிட்டுப் போவார் என்று சொல்வார்கள். போலந்துக் கிராமங்களில் ஆட்டு ரோமம் வெட்டுகிற கத்தரியாலேயே மெல்லிய பூவெல்லாம் வெட்டினார்கள். ஆகவே விரலைக் குறை சொல்லாதே.

வயதையும் குறை சொல்லாதே. நீ சொல்லவில்லைதான், முதல் வரியிலேயே 58 என்று எழுதினாய் பார், அதற்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் மேரி டெலானி வண்ணத் தாளை வெட்டிப் பூச்செடிகள் செய்ய ஆரம்பித்தபோது எழுபது தாண்டிவிட்டது. பத்து வருடத்தில் ஏறக்குறைய ஆயிரம் செடிகள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அது நாட்டுப்புறக் கலை இல்லையே என்று யாராவது வருவார்கள். வரட்டும்.

கத்தரியில் ஒரே ஒரு விஷயம்தான் பழக வேண்டும். கத்தரி அசையாது, தாள்தான் திரும்பும். இடது கை தாளைச் சுழற்றிக் கத்தரியின் வாய்க்குள் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டும்போது நுனிவரை மூடாதே. மூடினால் ஒவ்வொரு தடவையும் ஒரு பல் விழும். வாயின் உட்பக்கத்திலேயே திறந்து மூடி, திறந்து மூடிப் போ. நடுவில் ஓட்டை வேண்டுமென்றால் ஊசியால் குத்தி, கத்தரி நுனியைக் கீழிருந்து மேலே விடு. கீழிருந்து விட்டால் வெட்டும் இடம் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் மடித்து வெட்டு. போலந்தில் குர்ப்பியேப் பக்கத்து வெட்டுகள் ஒற்றை நிறம், நடுவில் ஒரு மரம், இரண்டு பக்கமும் சேவல், ஒரே மடிப்புதான். மடிப்பு ஓரத்தில் எதைத் தொட்டுக்கொண்டு வெட்டினாலும் அது மறுபக்கத்தோடு சேர்ந்தே இருக்கும். தீவு என்ற பேச்சே குறைந்துவிடும்.

சாஞ்ஜிப்பொடி:

அக்கா, நகல் எடுக்க ஒரு வழி இருக்கிறது. சீனாவில் வெகுகாலம் இப்படித்தான் வடிவங்கள் கைமாறின. வெள்ளைத் தாளை ஈரமாக்கி ஒரு பலகைமேல் ஒட்டுங்கள். வெட்டின துண்டுகளை அதன்மேல் அவரவர் இடத்தில் வைத்துத் தட்டுங்கள், ஈரத்தில் பிடித்துக்கொள்ளும். பலகையைக் கவிழ்த்து எண்ணெய் விளக்கின் புகைமேல் காட்டினால் தாள் முழுக்கக் கரி பிடிக்கும். துண்டுகளை உரித்து எடுத்தால் கறுப்புக்கு நடுவில் மயில் வெள்ளையாக நிற்கும். வீட்டுக்குள் செய்யாதீர்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். (கைபேசியில் படம் எடுத்து அச்சிட்டாலும் போதும் என்று என் தங்கை சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவளுக்குப் புகை பிடிக்காது.)

நான் வெட்டுவது சாஞ்ஜி, மதுரா, பிருந்தாவனத்துக் கலை. அங்கே எங்களுக்கு எல்லாம் தலைகீழ். தாள் நிற்பது முக்கியமே இல்லை, ஓட்டைதான் படம். ஓட்டை வழியாக வண்ணப் பொடியைச் சலித்துத் தரையில் கிருஷ்ணனும் மாடுகளும் கொடிகளும் வரவைப்பார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனித்தாள், ஒன்றை எடுத்துவிட்டு அடுத்ததை அதே இடத்தில் வைக்க வேண்டும். அதனால் பாலம் மெலிந்திருந்தால் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். பொடியின் எடையில் தாள் தொங்கும், தூக்கும்போது ஓரம் இழுபட்டு வண்ணம் கலைந்துவிடும். முடியளவு மெல்லிய பாலம் விடுகிறேன் என்று பெருமைக்கு விட்டு, ஒரு முழுக் கொடியையும் ஒரு தடவை பாழாக்கியிருக்கிறேன். உங்கள் மயிலுக்குப் பாலம் ஒரு மில்லிமீட்டராவது இருக்கட்டும்.

கழுத்தை ஒட்டுவது பற்றி. கண்ணாடிக்குள் தொங்கவிடப் போகிறீர்களா, பின்தாள்மேல் ஒட்டப் போகிறீர்களா? பின்தாள்மேல் என்றால் கழுத்து தனியாக இருந்தால் என்ன? இடத்தில் வைத்து ஒட்டுங்கள், யாருக்கும் தெரியாது. மொட்டைக்கத்தரி ஐயா சொன்ன ஹவுஸ்விர்ட்டே வண்ணத்தாள் துண்டுகளைத் தனித்தனியாக வெட்டி ஒட்டியவர்தான். பசையைத் தூரிகையால் பூசாதீர்கள், ஈரத்தில் தாள் விரிந்து நெளியும். ஊசி முனையில் தொட்டுப் புள்ளி புள்ளியாக வையுங்கள்.

அந்துப்பூச்சி:

ஒட்டுவதில் நான் ஒத்துப்போக மாட்டேன். ஒரே தாள், துண்டாகாமல், என்பதுதானே இதன் சுவாரஸ்யமே? ஒட்டலாம் என்று ஆரம்பித்தால் அடுத்த மயிலிலும் கழுத்து விழும்.

மொட்டைக்கத்தரி:

ஆரம்பித்துவிட்டான்.

மெய்ப்புக்காரி:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லோரும் சொன்னதைக் கேட்டேன், ஒருவர் சொன்னதையும் முழுசாகக் கேட்கவில்லை.

முதலில் புகை. மொட்டை மாடியில் செய்தேன். முதல் தடவை தாளை விளக்குக்கு மிக அருகில் காட்டி ஓரத்தைக் கருக்கிவிட்டேன், வாளி உதவியது. இரண்டாவது தடவை வந்தது. துண்டுகளை உரித்ததும் வெள்ளை மயில் புகைக்குள் நின்ற அந்த நிமிஷம், வெட்டி முடித்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. அந்தப் புகைத்தாளைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டேன். நகல் எடுக்கத்தான் செய்தேன், அதிலிருந்து நகல் எடுக்க மனசு வராமல் கடைசியில் கைபேசியில்தான் படம் எடுத்தேன். சாஞ்ஜிப்பொடி, தங்கையிடம் சொல்ல வேண்டாம்.

கத்தரி முயன்றேன். கம்பி வளையம் கட்டிப் பார்த்தேன், நன்றாகவே பிடிக்கிறது. மடித்து நான்கு சேவல் வெட்டினேன். மூன்று சேவலுக்குக் கொண்டை இல்லை, அவற்றைக் கோழி என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் என் பழக்கம் கத்திதான், ஐயா. எழுத்தின் பக்கத்தில் பேனா முனையை வைத்தே வாழ்ந்துவிட்டேன், முனை தாளில் படாமல் எனக்கு வேலை ஓடாது.

புதிய மயில் ஏ4-தான். 100 ஜி.எஸ்.எம். தோகையில் 23 கண்கள். தனித்தாளில் ஒரே ஒரு கண்ணை ஐந்து விதமாக வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன். சொட்டுக்கு மேலும் கீழும் பாலம் விட்டபோது கண் கண்ணாக இல்லை, பூட்டுத் துவாரம் மாதிரி இருந்தது. பாலங்களை இரண்டிலிருந்து ஐந்தாக்கிக் கதிர்போலச் சாய்த்துவிட்டதும் பீலியாகிவிட்டது. கழுத்தில் மூன்று கீறல். விரல் சோதனையில் நான்கு தீவு மாட்டியது. மூன்றைச் சரிசெய்தேன். நான்காவது மயிலின் கண். அதற்குப் பாலம் விட்டால் மயிலுக்குக் கண்புரை வந்ததுபோல இருக்கிறது. அதை மட்டும் தனியாக வெட்டி ஊசி முனைப் பசையில் ஒட்டினேன். அந்துப்பூச்சி மன்னிக்கவும்.

நேற்று இரவு தூக்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாக இல்லாமல் நேராக மேலே. முழுசாக வந்தது. படம் இணைத்திருக்கிறேன். தோகையின் நுனி மட்டும் சற்றுப் பின்பக்கமாகச் சுருள்கிறது, அது எதனால்?

அந்துப்பூச்சி:

அருமை அக்கா. ஒரு கண்ணை மன்னித்தேன்.

சுருள்வது தாளின் நார் ஓடும் திசையால். காற்றில் ஈரம் ஏறினால் நாருக்குக் குறுக்கேதான் தாள் விரியும். உங்கள் தோகை குறுக்கே விழுந்திருக்கிறது. இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்துத் தடித்த புத்தகங்களை ஏற்றி நான்கு நாள் விட்டுவிடுங்கள். அடுத்த முறை தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அதன் மடிப்புவாட்டில்தான் நார் ஓடும். தோகையை அந்த நீளத்துக்கு வையுங்கள்.

மொட்டைக்கத்தரி:

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல வேலை. ஆனால் தங்கச்சி, இடது ஓரத்துக் கண்கள் ஆறும் வலது பக்கத்துக் கண்களைவிடச் சப்பையாக இருக்கின்றன. தாளைத் திருப்பாமல் கையை வளைத்து வெட்டியிருக்கிறாய்.

மெய்ப்புக்காரி:

ஆறு இல்லை ஐயா, ஏழு. கீழ் வரிசையில் இலைக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருக்கிறது. அன்றைக்குப் பிளேடும் மாற்றவில்லை.